மயிற்பொறி யாருடையது?

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, "எனக்கு என்னய்யா தெரியும், அரிசி விலை வேணும்னா எழுதித் தர்றேன்" என்றேன். பணிவுக்காகச் சொன்னதல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். 1978இல் தாதரில் வந்து இறங்கினேன். வடாலாவில் உறவினர் கடையில் மூட்டை எண்ணத் தொடங்கி, பிறகு அதே வட்டாரத்தில் சொந்தமாக ஆரணி அரிசிக் கடை வைத்தேன். தமிழ் நூல்களைப் படித்ததெல்லாம் ஷட்டரை இறக்கிய பின்புதான். ஆசிரியர் இல்லாமல் படித்தவன் கட்டுரையில் குறை இருக்கும். கற்றோர் பொறுத்தருள வேண்டும்.

இதை எழுதத் தூண்டியவள் என் மகள்வயிற்றுப் பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருஷமாக ஒரு மாயாஜால நாவல் எழுதிவந்தாள். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"தாத்தா, எழுதினதை எல்லாம் அழிச்சிடப் போறேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"யாரோ எடுத்து வளர்க்குற பையன். அவன் பிறப்பு அவனுக்கே தெரியாது. ஒரு வாத்தியார் வந்து ரகசியத்தைச் சொல்றார். அப்பாவைக் கொன்னவனை அவன் ஜெயிக்கணும். இது அப்படியே ஹாரி பாட்டர்னு என் ஃபிரண்டு சொல்லிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஹாரி பாட்டர் இல்லம்மா, நம்ம சீவக சிந்தாமணி. சீவகனை எடுத்து வளர்த்தவன் ஒரு வணிகன். அவன் யார் மகன்னு சொன்னவர் அச்சணந்தி ஆசிரியர். நீ குழந்தையா இருந்தப்போ நான்தானே சொன்னேன்" என்றேன்.

ஆறுதல் சொன்னதாக நான் நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ ரெண்டு இடத்துல திருடியிருக்கேனா?" என்றாள்.

அந்த வார்த்தை என்னை வீடுவரை துரத்தி வந்தது. காரணம், அதே வார்த்தையை என்னைப் பார்த்து ஒருவர் கேட்டு நாற்பது ஆண்டு ஆகப்போகிறது.

கட்டி வைத்த நோட்டு

1986இல் நான் ஒரு கதை எழுதினேன். மூன்று கோடு போட்ட நோட்டு. தலைப்பு 'மரமயில்'. நாட்டை இழந்த ஒரு ராணி மரத்தால் செய்த மயிலில் ஏறிப் பறந்து வருகிறாள். அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு. இது சிந்தாமணிக் கதை, திருடாமல் சொந்தமாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் இரண்டு வரி.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றுவரை சிந்தாமணியை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. மயிற்பொறியை எனக்குச் சொன்னவள் என் பாட்டி. எழுத்து வாசனை இல்லாதவள். கோயிலில் பெரியவர்கள் படிக்கக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டவள். ஆனாலும் எனக்கு அவமானம் தாங்கவில்லை. சமணனுக்குக் கள்ளாமை ஐந்து அணுவிரதங்களில் ஒன்று. நோட்டைக் கோணிச் சணலால் கட்டிப் பரணில் போட்டேன். பிறகு, எதைத் திருடினேன் என்றாவது தெரியட்டும் என்று உ.வே. சாமிநாதையர் பதிப்பை வாங்கினேன். 1887இல் ஐயர் முதன்முதல் அச்சிட்ட நூல். நச்சினார்க்கினியர் உரையோடு முழுவதும் படித்து முடிக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஆகவே என் தமிழ்ப் படிப்பு முழுவதும் ஒரு திருட்டுப் பட்டத்தில் தொடங்கியதுதான்.

அந்தப் படிப்பில் நான் கண்டதையே பேத்திக்கும் மலர் வாசகர்களுக்கும் இங்கே முன்வைக்கிறேன்.

மயிலின் பூர்வீகம்

முதலில் நான் தெரிந்துகொண்டது, சிந்தாமணிக் கதை திருத்தக்கதேவருக்கே சொந்தமானதல்ல என்பது. சீவகனை வடமொழியில் சீவந்தரன் என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் குணபத்திரர் செய்த உத்தரபுராணத்தில் இவன் வரலாறு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் புஷ்பதந்தர் அபப்பிரம்ச மொழியில் பாடிய மகாபுராணத்திலும் உண்டு. வாதீபசிம்மர் இதே கதையை இரண்டு முறை எழுதினார். செய்யுளில் சத்திரசூடாமணி, உரைநடையில் கத்தியசிந்தாமணி. இவருக்குத் தேவர் கடன்பட்டவரா, தேவருக்கு இவர் கடன்பட்டவரா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப் போகவில்லை. இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே களத்திலிருந்து வந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள். சிந்தாமணியில் பதின்மூன்று இலம்பகங்கள். காந்தருவதத்தையார் இலம்பகம், குணமாலையார் இலம்பகம் என்று பெரும்பாலும் சீவகன் மணந்த பெண்களின் பெயரால் வருவன. இலம்பகம் என்பது பெறுதல் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. வாதீபசிம்மரும் தம் பகுதிகளை லம்பம் என்கிறார். காசுமீரத்தில் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரமும் பதினெட்டு லம்பகங்களாகப் பிரிந்திருக்கிறது. அரிசி மூட்டையின் மேல் மில்லின் முத்திரை இருப்பதுபோல, இந்த ஒரு சொல்லே சரக்கு எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

தேவர் சிந்தாமணி பாடும்முன், ஆசிரியரின் சோதனைக்காக நரிவிருத்தம் என்னும் சிறுநூலைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. யானையை எய்த வேடன், அவனைக் கடித்த பாம்பு, எல்லாம் இறந்து கிடக்க, நாளைக்கு இருக்கட்டும் என்று வில்நாணை முதலில் கடித்துச் செத்த நரி. இந்தக் கதை பஞ்சதந்திரத்திலும் இதோபதேசத்திலும் சிறுசிறு மாற்றங்களோடு இருக்கிறது. தகுதியை நிரூபிக்க வந்த மாணவர் எல்லோருக்கும் தெரிந்த பழங்கதையைப் பாடுகிறார். ஆசிரியரும் 'ஏன் புதுக்கதை இல்லை' என்று கேட்கவில்லை.

பறக்கும் பொறிக்கும் உறவினர் பலர். பெருங்கதையில் கருவுற்ற வாசவதத்தைக்கு வானில் பறக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. பஞ்சதந்திரத்து நெசவாளி மரக் கருடனில் ஏறி அரசகுமாரியிடம் போகிறான். ஆயிரத்தொரு இரவுகளில் கருங்காலிக் குதிரை பறக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாசர் பித்தளைக் குதிரை ஒன்றைப் பறக்கவிட்டார். உதயணனைப் பிடிக்கப் பிரச்சோதனன் வீரரை ஒளித்து விடுத்த யந்திர யானையைப் படிக்கும் எவருக்கும் டிராய் நகரத்து மரக்குதிரை நினைவுக்கு வரும்.

எரித்தவரும் எஞ்சியதும்

அழிச்சிடப் போறேன் என்றாள் பேத்தி. கதை எழுதியவர் தம் கதையை எரித்த வரலாறு ஒன்று நம்மிடம் உண்டு. கதாசரித்சாகரத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. குணாட்டியர் பைசாச மொழியில் ஏழு லட்சம் சுலோகங்களில் பிருகத்கதையை இயற்றிச் சாதவாகன மன்னனுக்கு அனுப்பினார். பேய்களின் மொழி, இரத்தத்தால் எழுதியது என்று மன்னன் தள்ளிவிட்டான். குணாட்டியர் காட்டில் தீ மூட்டினார். ஒவ்வோர் ஏடாகப் படித்து நெருப்பில் இட்டார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து சுற்றி நின்று கேட்டன. மன்னன் உண்மை அறிந்து ஓடிவரும்போது ஆறு லட்சம் சாம்பல். சீடர்கள் விரும்பிய நரவாகனதத்தன் கதை ஒரு லட்சம் மட்டும் மிஞ்சியது.

இது புராணமாக இருக்கலாம். ஆனால் மூலநூல் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது உண்மை. அப்படியென்றால் அந்த நூல் இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? எடுத்துச் சொன்னவர்களால்தான். காசுமீரத்தில் க்ஷேமேந்திரரும் சோமதேவரும், புதசுவாமி என்பவரும் வடமொழியில் சொன்னார்கள். கங்க மன்னன் துர்விநீதன் வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேடு சொல்கிறது. பிராகிருதத்தில் சங்கதாசர் என்னும் சமணர் வசுதேவனைத் தலைவனாக்கி வசுதேவஹிண்டி செய்தார். தமிழில் கொங்குவேளிர் பெருங்கதை பாடினார். 1924இல் ஐயர் அதைப் பதிப்பித்தபோது முதலும் முடிவும் இல்லாத ஏடுதான் கிடைத்தது. ஒருவரும் 'இது அடுத்தவன் கதை' என்று கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தால் குணாட்டியர் பெயரே அந்தத் தீயோடு போயிருக்கும்.

நம்மில் பலர் சிறுவயதில் அம்புலிமாமா படித்தவர்கள். அதில் வந்த வேதாளக் கதைகளின் மூலமும் கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. அங்கே இருபத்தைந்துதான். அம்புலிமாமாவில் அந்த எண்ணிக்கை எப்போதோ தாண்டிப் போயிற்று. முருங்கை மரமும் தோளில் தொங்கும் வேதாளமும் பழசு. உள்ளே வந்த கதைகள் மாதா மாதம் புதுசு. அதை யாரும் களவு என்று சொன்னதில்லை.

களவு எது

அப்படியானால் எழுத்தில் களவே கிடையாதா? உண்டு. எது களவு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான கணக்கு உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது. கள்ளாமை விரதத்துக்கு ஐந்து இழுக்குகளை அது சொல்கிறது. பிறரைத் திருடத் தூண்டுதல். திருட்டுப் பொருளை வாங்குதல். அரசின் சட்டத்தை மீறிய வாணிகம். அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல். ஐந்தாவது, பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை அசல் என்று விற்பது.

நாற்பது வருஷத்துக்கு மேல் தராசுக்குப் பின்னால் நின்றவனுக்கு இந்த ஐந்தாவது நன்றாகவே புரியும். நான் விற்கும் அரிசி நான் விளைவித்ததில்லை. ஆரணி மில்லில் வாங்கினேன் என்று சொல்லி விற்கிறேன். அது வாணிகம். வேறு ஊர் அரிசியை ஆரணிச் சாக்கில் கொட்டித் தைத்தால் அது களவு. அரிசி அதே அரிசிதான், பொய் சாக்கில் இருக்கிறது.

நன்னூல் செய்த பவணந்தியாரும் சமண முனிவர்தான். நூல்களை முதல், வழி, சார்பு என்று அவர் மூன்றாக வகுக்கிறார். முன்னோர் நூலின் முடிவை ஒப்புக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வது வழிநூல் என்கிறார். முடிவு ஒத்திருப்பதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வேறுபாடு சொல்வதை இலக்கணமாகவே வைக்கிறார். முன்னோர் கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொற்களையும் பொன்போல் காக்க வேண்டும் என்று இன்னோரிடத்தில் கூறுகிறார். பொன்னைக் காப்பவன் யாருடைய பொன் என்று மறைக்க மாட்டான்.

இக்காலச் சட்டமும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பம், மதராசிக் குடும்பம், நடுவில் காதல். 1956இல் 'நியூ டெல்லி' என்று ஓர் இந்திப் படம் வந்தது. கிஷோர்குமார் தமிழனாக வேஷம் போட்டு வாடகைக்கு அறை பிடிப்பார். வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். வெளியூரில் அறை தேடிய நம்மவர்களுக்கு அந்தக் காட்சி சொல்லாமலே விளங்கும். தம் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொன்ன விதத்துக்கும் அமைப்புக்குமே உண்டு என்றது. மாகாண வெறி என்ற கரு பொது. படம் அதை வேறு விதமாக விரித்திருக்கிறது என்று வழக்கைத் தள்ளியது.

பேத்தியின் தோழி சொன்ன ஹாரி பாட்டருக்கும் இந்தச் சங்கடம் வந்ததுதான். 1997இல் அந்த முதல் நூல் வெளிவருமுன்பே, 1990இல் நீல் கெய்மன் எழுதிய ஒரு சித்திரக்கதையில் மூக்குக்கண்ணாடி போட்ட பையன், ஆந்தை, மந்திரம் எல்லாம் உண்டு. கெய்மன் சண்டைக்குப் போகவில்லை. டி.எச். ஒயிட் போன்ற முன்னோரிடமிருந்து இருவருமே எடுத்திருக்கிறோம் என்றார்.

தேவர் சொந்தமாகப் போட்டது

கதை தேவருடையதல்ல என்று தெரிந்த பிறகும் சிந்தாமணியை ஏன் படிக்கிறோம்? சேக்கிழார் காலத்துச் சோழன் அதில் மூழ்கிக் கிடந்ததால்தான் பெரியபுராணம் எழுந்தது என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. சிந்தாமணியில் ஓர் அகப்பை முகந்துகொண்டேன் என்று கம்பரே சொன்னதாகச் செவிவழிச் செய்தி. அப்படி என்ன இருக்கிறது?

ஏமாங்கத நாடு வடக்கே இருக்கிறது. ஆனால் நாட்டு வருணனையில் தேங்காய் நெற்று விழுகிறது. விழும் வேகத்தில் கமுகின் தேனடையைக் கிழித்து, பலாவைப் பிளந்து, மாங்கனியைச் சிதறடித்து, வாழைப்பழத்தை உதிர்க்கிறது. இது வடக்கா? எங்கள் ஊர் ஏரிக்கரைத் தோப்பு. வெளியூர்க் கதைக்குத் தேவர் தம் ஊர் மண்ணைக் கொடுத்துவிட்டார்.

மயிற்பொறியையே எடுத்துக்கொள்வோம். வலப்புறம் திருகினால் எழும்பும், இடப்புறம் திருகினால் கால் குவித்து இறங்கும் என்று பொறியின் இயக்கத்தை அவர் சொல்லிவிடுகிறார். அதைத் திருகுவது யாழ் பழகிய விரல் என்கிறார். சச்சந்தன் போரில் வீழ, கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்கிறது. விசயை மயங்குகிறாள், கை தளர்கிறது, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. பொறி பழுதாகி விழவில்லை. ஒரு பெண்ணின் நெஞ்சு உடைந்ததால் விழுகிறது. மாயக்கதையில் மாயம் எவ்வளவு பெரிது என்பது பெரிய விஷயமில்லை, அது யாருடைய துக்கத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் கற்றது இந்த இடத்தில்தான். பறக்கும் குதிரைகளும் கருடன்களும் பல இருக்க, இந்த மயில் மட்டும் என் பாட்டியின் வாய்வரை வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுடுகாட்டுக்கு இறந்த தன் குழந்தையை எடுத்துக்கொண்டு வருகிறான் கந்துக்கடன் என்னும் வணிகன். அரசனின் முத்திரை மோதிரத்தோடு கிடந்த பிள்ளையைக் கண்டு எடுத்துச் சென்று வளர்க்கிறான். கதை எடுத்து எழுதுகிறவனின் நிலையும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எடுத்து வளர்ப்பது களவல்ல. ஆனால் மோதிரம் பத்திரமாக இருக்க வேண்டும். பால் நம் வீட்டுப் பாலாக இருக்க வேண்டும்.

சணலை அவிழ்த்தேன்

இவ்வளவும் யோசித்தபின், போன மழைக்காலத்தில் பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு படித்தேன்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நன்றாக இல்லை. ராணி பேசுவதெல்லாம் அக்காலத்துச் சினிமா வசனம். மந்திரி கண்ணை உருட்டிச் சிரித்துக்கொண்டே இருக்கிறான். சீட்டு எழுதிய ஆசிரியர் மேல் இத்தனை வருஷம் மனத்தில் வைத்திருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே கழிந்தது. திருட்டு என்று அவர் சொன்னது தவறு. ஆனால் நூலைப் படிக்காமல், பாட்டி பெயரையும் சொல்லாமல், நானே கண்டுபிடித்த மயில் போலத்தான் நான் எழுதியிருந்தேன். சாக்கு மாறியிருந்தது. அந்த மட்டுக்கு ஐந்தாவது இழுக்கு என் மேலும் உண்டு.

ஒரே ஓர் இடத்தில் பேத்தி நிறுத்தினாள். என் ராணியின் மயில் சுடுகாட்டில் இறங்கவில்லை. வடாலா உப்பளத்தில் இறங்குகிறது. வெள்ளை வெள்ளையாகப் பாத்தி தெரிய, வந்துசேர்ந்தது எந்த ஊர் என்று அவளுக்குப் புரியவில்லை. உப்பு வாரும் ஒருத்தி வந்து, பாஷை தெரியாமல், முதலில் தண்ணீர் கொடுக்கிறாள். "தாத்தா, இது எங்கேயும் இல்லையே" என்றாள். எனக்கே மறந்துபோயிருந்தது. ஊரிலிருந்து வந்த புதிதில், இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், அந்த உப்பளத்துப் பக்கம் வழி தப்பி நின்ற என்னிடம் ஒரு மராத்திக்காரப் பாட்டி சொம்பை நீட்டினாள். அதைத்தான் எழுதியிருக்கிறேன். மொத்த நோட்டிலும் ஒன்றரைப் பக்கம். பத்திரிகை ஆசிரியர் கண்ணில் அது படவில்லை. அவமானத்தில் நானும் அதைப் பார்க்கவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு அன்றே மறுபடி தொடங்கியிருக்கலாம்.

பேத்தி அழிக்கவில்லை. கதையின் முன்பக்கத்தில் யார் யாரிடம் வாங்கினது என்று ஒரு பட்டியல் எழுதியிருக்கிறாள். சிந்தாமணி, ஹாரி பாட்டர், எங்கள் பாட்டி என்று மூன்று பெயர். நாலாவதாக என் பெயரைப் போட்டு, உப்பளத்தைக் கடன் கேட்டாள். "எடுத்துக்கோம்மா, ஆனா தண்ணி கொடுக்குறவ யாருங்கிறதை நீ உன் கண்ணால பார்த்து எழுது" என்றேன்.

மும்பை வாழ் தமிழர் வீடுகளில் இப்படிக் கட்டி வைத்த நோட்டுகள் இன்னும் சில இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தால், எரிக்கும்முன் ஒருமுறை சணலை அவிழ்த்துப் பாருங்கள்.